மலைமண்ணின் பதம்

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே ஏறும் மலைச்சாலை, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகிறது. அவ்விடத்தில் தேனி மாவட்டம் முடிந்து இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. மழைக்கும் அந்த மலைமுகடே எல்லையாக நிற்கிறது. ஜூன் திங்களில் எழும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்கிலுள்ள மூணாறு, தேவிகுளம் மலைகளில் தன் சுமையை இறக்கிவிட்டுக் கிழக்கே போடிப் பள்ளத்தாக்கிற்குள் இறங்கும்போது பெரும்பாலும் வெறுங்கையோடுதான் இறங்குகிறது. அப்பள்ளத்தாக்கு தன் மழைக்கு ஐப்பசி, கார்த்திகையை எதிர்நோக்கியிருக்கிறது.

ஆகவே, இம்மேட்டைச் சூழ்ந்த மக்கள் ஒரே மண்ணால் இருவகைத் துன்பம் அடைகின்றனர். கோடையில் ஏலச்செடி தலை சாய்கிறது. மழைக்காலத்தில் மலைச்சரிவு சாலையிலும் குடியிருப்பிலும் வந்து விழுகிறது. ஒன்று வறட்சி, மற்றொன்று வெள்ளம். இரண்டிற்கும் தொடர்பு ஏது என்று நாம் எண்ணக்கூடும். ஆயினும் இரண்டையும் ஒரே அளவால் அறியலாம். மண் தன்னிடமுள்ள நீரை எவ்வளவு வலுவாகப் பற்றியிருக்கிறது என்பதே அவ்வளவு. கண்ணுக்குப் புலப்படாத அந்த வலுவை மனிதன் அளக்கக் கற்ற வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறவேண்டும். மண்ணிலுள்ள நீரைக் குறிக்க நாம் 'ஈரப்பதம்' என்று எழுதுகிறோம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட என் போன்றோர், அலுவலகக் குறிப்புகளில் இச்சொல்லை நீரின் அளவு என்னும் பொருளிலேயே வழங்கிவருகிறோம். உழவர் வழக்கில் பதம் என்பது அளவன்று, நிலை. ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் அழுத்தி, அது உதிர்கிறதா, உருள்கிறதா, விரலில் ஒட்டுகிறதா என்று பார்த்த பிறகே உழுவதற்குப் பதம் உண்டு, இல்லை என்று அவர் முடிவு செய்கிறார். களிமண்ணிலும் மணலிலும் ஒரே அளவு நீர் இருக்கலாம். மணலில் வளரும் செடி அந்நீரை எளிதாகக் குடிக்கும். களிமண்ணில் வளரும் செடியோ அதைப் பெறமாட்டாமல் வாடும். நீரின் அளவு ஒன்றே; பதம் வேறு. அறிவியலார் உறிஞ்சுவிசை என்று கூறுவது, உழவரின் கை அறிந்திருந்த இந்தப் பதத்தையே எனலாம்.

இவ்விசை எங்கிருந்து பிறக்கிறது? மண் என்பது எண்ணற்ற துகள்களின் கூட்டம். துகள்களுக்கு இடையே நுண்ணிய இடைவெளிகள் உண்டு. அவை முழுவதும் நீரால் நிரம்பியிருந்தால் அது நிறைவுற்ற மண். பாதி நீரும் பாதி காற்றுமாக இருந்தால் அது நிறைவுறாத மண். நிறைவுறாத மண்ணில், துகள்கள் ஒன்றையொன்று தொடும் மூலைகளில் நீர் ஒதுங்கி நிற்கிறது. அந்நீரின் மேற்பரப்பு உட்குழிந்து வளைந்து, இழுத்துக் கட்டிய தோல்போல் துகள்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிக்கிறது. வையை ஆற்று மணலில் சிறுவர் வீடு கட்டும்போது இதனைக் காணலாம். உலர்ந்த மணலில் வீடு நிற்பதில்லை. சிறிது நனைந்த மணலில் சுவரும் வாயிலும் நிற்கின்றன. அதன்மீது ஒரு குடம் நீரை ஊற்றினால் யாவும் கரைந்து விழுகின்றன. சுவரை நிறுத்தியதும் நீர், வீழ்த்தியதும் நீர். மலைச்சரிவின் கதையும் இதுவே.

இவ்விசையை அளக்கும் முயற்சி செடியிலிருந்தே தொடங்கிற்று. ஆங்கிலேயப் பாதிரியாரான ஸ்டீபன் ஹேல்ஸ் 1727இல் வெளியிட்ட நூலில், வெட்டிய மரக்கிளையைப் பாதரசக் குழாயுடன் இணைத்து, கிளை நீரை உறிஞ்சும் வலிமையை அளந்த சோதனைகளை விவரித்தார். மண்ணின் வலிமையை அளக்க இன்னும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது. அமெரிக்க வேளாண்மைத் துறையில் பணியாற்றிய எட்கர் பக்கிங்ஹாம் என்னும் இயற்பியலார், உயர்ந்த குழாய்களில் மண்ணை நிரப்பி, அடிப்பகுதியை நீரில் நிறுத்தி, நீர் மேலேறி அமைதியுறும் வரை பல நாட்கள் காத்திருந்தார். பின்னர் ஒவ்வோர் உயரத்திலும் மண்ணில் எஞ்சிய நீரை அளந்தார். நீர்மட்டத்திற்கு ஒரு மீட்டர் மேலேயுள்ள மண், ஒரு மீட்டர் நீர்த்தூணைத் தாங்கும் அளவிற்கு நீரைப் பற்றியிருக்கிறது அல்லவா? ஆகவே, உயரமே அங்கு விசைக்கு அளவுகோல் ஆயிற்று. அவருடைய ஆய்வு 1907இல் வெளிவந்தது. மண்ணுக்குள் நீர் ஓடுவது நீர் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்கு அன்று, பிடிப்புத் தளர்ந்த இடத்திலிருந்து பிடிப்பு மிகுந்த இடத்திற்கே என்பது அதன் சாரம்.

ஆய்வுக்கூடக் குழாயில் அளந்ததை வயலில் அளப்பது எப்படி? இதற்கு விடையளித்த பொருள் நம் வீட்டுச் சமையலறையில் உள்ளதே. மண்பானையின் சுவர் கசிவதும், அக்கசிவு ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிர்விப்பதும் யாவரும் அறிந்தவை. மெருகிடாத சுடுமண்ணின் துளைகள் நீரைப் போகவிடும். நனைந்திருக்கும் வரையில் காற்றைப் போகவிடா. பர்ட்டன் லிவிங்ஸ்டன் என்னும் அமெரிக்கத் தாவரவியலார் 1908ஆம் ஆண்டளவில், நீர் நிரப்பிய சுடுமண் கிண்ணங்களைத் தொட்டி மண்ணில் புதைத்து, செடிகளுக்குத் தாமாகவே நீர் கிடைக்கும்படி செய்தார். மண் உலர உலரக் கிண்ணத்தினின்று நீரை இழுத்துக்கொண்டது. இழுக்கிறது என்றால் அந்த இழுப்பை அளக்கவும் கூடும். யூட்டா வேளாண் கல்லூரியைச் சேர்ந்த வில்லர்ட் கார்ட்னரும் அவருடன் பணியாற்றியோரும் 1922இல் அவ்வழியைக் காட்டினர். நீர் நிறைந்த கிண்ணத்தை மூடி, பாதரச மானியுடன் இணைத்தால், மண்ணின் இழுப்பைப் பாதரசமே எழுந்து காட்டிவிடும்.

அதற்கு இரண்டாண்டுகள் கழித்து நம் மலைகளில் நிகழ்ந்ததை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். அக்காலத்தில் மூணாறுத் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே சிறிய இரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்தது. அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூரை அடைந்தது. 1902இல் ஒற்றைத் தண்டவாள ஊர்தியாகத் தொடங்கி, 1908இல் இருப்புப்பாதையாக மாற்றப்பட்ட வழி அது. 1924 ஜூலையில் பெய்த பெருமழையில் மலைகள் சரிந்தன. பாலங்களும் பாதையும் அழிந்தன. அந்த இரயில் மீண்டும் ஓடவேயில்லை. மலையாள ஆண்டு 1099இல் வந்தமையால் கேரள மக்கள் அதனைத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று இன்றும் குறிப்பிடுகின்றனர். எத்தனை அங்குலம் மழை பெய்தது என்று அளக்க அன்று கருவி உண்டு. அம்மழை மண்ணின் பிடியை எவ்வளவு தளர்த்திற்று என்று அளக்கும் கருவியோ, உலகின் மறுகோடியில் ஒரு கல்லூரியில் அப்போதுதான் கருவுற்றிருந்தது.

அக்கருவியை முழு வடிவிற்குக் கொண்டுவந்தவர் கார்ட்னரின் மாணவரான லொரென்சோ ரிச்சர்ட்ஸ். நிறைவுறாத மண்ணில் நீரோட்டத்தைக் கணக்கிடும் சமன்பாட்டை 1931இல் வெளியிட்டவரும் இவரே. அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இவரும் கார்ட்னரும் 1936இல் எழுதிய கட்டுரையில் 'டென்சியோமீட்டர்' என்னும் பெயர் தலைப்பிலேயே இடம்பெற்றது. தமிழில் இழுவிசைமானி எனலாம். அதன் அமைப்பு எளியது. நுனியில் சுடுமண் கிண்ணம். அதன்மேல் நீர் நிறைந்த குழாய். மேலே காற்றுப்புகாத மூடி. பக்கத்தில் ஓர் அழுத்தமானி. கிண்ணத்தை வேர் பரவிய ஆழத்தில் மண்ணோடு நன்கு பொருந்துமாறு புதைக்கவேண்டும். மண் உலரும்போது குழாய்நீரை இழுக்கிறது. மானியின் முள் ஏறுகிறது. மழை பெய்தால் நீர் கிண்ணத்திற்குள் திரும்புகிறது, முள் இறங்குகிறது. மண் முற்றும் நிறைந்துவிட்டால் முள் சுழியில் நிற்கிறது.

இவ்விசையைக் கிலோபாஸ்கல் என்னும் அலகால் குறிப்பர். 10 சென்டிமீட்டர் உயர நீர்த்தூணின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு கிலோபாஸ்கல் ஆகும். நல்ல மழைக்குப்பின் மிகைநீர் வடிந்த மண்ணில் 10 முதல் 30 வரையில் காணலாம். செடி மீளாமல் வாடும் நிலையை 1500 என்று கொள்வது வழக்கம். இவ்வளவு அகன்ற எல்லையை ஒரே ஏட்டில் அடக்குவதற்காக, இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஸ்கோஃபீல்டு 1935இல் மடக்கை முறையிலான அளவுகோல் ஒன்றை வகுத்தார்.

இங்கே ஒரு தடை குறுக்கிட்டது. இழுவிசைமானி 80 அல்லது 85 கிலோபாஸ்கலுக்கு மேல் காட்டுவதில்லை. அதற்குமேல் இழுத்தால் குழாய்நீரில் காற்றுக்குமிழி தோன்றி நீர்த்தூண் அறுந்துவிடுகிறது. காற்றுமண்டலத்தின் அழுத்தம் கடல் மட்டத்தில் சுமார் 101 கிலோபாஸ்கலே; அதற்குமேல் இழுப்பை இக்கருவி தாங்காது. ஆயிரம் மீட்டர் உயரத்தில் அவ்வழுத்தம் சுமார் 90ஆகக் குறைகிறது. அவ்வுயரத்தைக் கடந்து நிற்கும் போடிமெட்டில் கருவியின் எல்லை மேலும் சுருங்கும் என்பதை, அதனை அங்கே நாட்ட விரும்புவோர் நினைவிற் கொள்ளவேண்டும்.

ஆயினும் நீருக்கு இயல்பிலேயே அவ்வளவு வலுவின்மை உண்டா? இல்லை என்பதற்கு இயற்கையே சான்று. பிரெஞ்சு வேதியியலார் பெர்த்தலோ 1850இல், மூடிய கண்ணாடிக் குழாயில் நீரை நிரப்பிச் சூடாக்கிக் குளிரவைத்து, நீர் பல மடங்கு காற்றழுத்த அளவிற்கு இழுப்பைத் தாங்குவதைக் காட்டினார். உயர்ந்த மரத்தின் உச்சிக்கு நீர் ஏறுவதும் இவ்வாறு அறுபடாத நீரிழையின் வலிமையாலேயே என்று டப்ளின் நகரத்து டிக்சனும் ஜோலியும் 1894இல் விளக்கினர். மரம் செய்வதைக் கருவி செய்வதற்கு ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ரிட்லி, பர்லண்ட் என்னும் இருவர் 1993இல் ஒரு புதிய கருவியை வெளியிட்டனர். மிக நுண்ணிய துளைகளையுடைய பீங்கான் தட்டு. அதன் பின்னே சில துளி கூட இராத சிறு நீரறை. அதனை அடுத்து மின்முறை அழுத்த உணரி. முன்கூட்டியே நீருக்கு மிகுந்த அழுத்தம் கொடுத்து, ஒட்டியிருக்கும் காற்றணுக்களைக் கரைத்துவிடுவது அதன் நுணுக்கம். அதனால் ஆயிரம் கிலோபாஸ்கலுக்கும் மேற்பட்ட இழுப்பை நேராகவே அளக்க முடிந்தது.

நேராக அளத்தல் என்பதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சுற்றுவழியாக அளக்கும் முறைகளும் பல. மண்ணில் வைத்த தாள் உறிஞ்சிய நீரை நிறுத்துப் பார்க்கும் முறை 1937இலும், ஜிப்சக் கட்டியின் மின்தடையை அளக்கும் முறை 1940இலும், மண்ணிடைக் காற்றின் ஈரத்தை அளக்கும் முறை 1951இலும் வந்தன. கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய ஈரம் காட்டும் கருவி, வண்ண விளக்குகளால் உழவருக்கு நிலைமையை உணர்த்துகிறது. இவை யாவும் பயனுள்ளவையே. ஆனால் மண்ணின் வகையும் உப்பும் வெப்பமும் மாறுந்தோறும் இவற்றின் கணக்கைத் திருத்தவேண்டியிருக்கும். இழுவிசைமானியோ மண்ணைத் தொட்டு, மண் இழுக்கும் விசையையே சொல்கிறது.

இவ்வளவும் பயிருக்காகப் பிறந்த அறிவு. மலைச்சரிவுக்கு இது பயன்படும் என்பதைப் பொறியாளர் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தனர். ஒரு கிலோபாஸ்கல் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 100 கிலோகிராம் எடை அழுத்துவதற்கு ஒப்பாகும். 20 கிலோபாஸ்கல் உறிஞ்சுவிசை இருந்தால், சதுர மீட்டருக்கு இரண்டு டன் எடைக்கு நிகரான இறுக்கம் துகள்களிடையே இருக்கக்கூடும். அதில் எவ்வளவு பங்கு மண்ணின் உண்மையான வலுவாக மாறுகிறது என்பதற்கு ஆங்கிலேயப் பொறியாளர் பிஷப் 1959இல் ஒரு வாய்பாடு அளித்தார். கனடாவின் ஃப்ரெட்லண்டும் அவருடைய துணைவரும் 1978இல் வேறொரு வகையில் அதனை அமைத்தனர். இவ்விரு ஆண்டுகளுக்கு இடையே ஹாங்காங் நகரம் பெருந்துயர் ஒன்றைக் கண்டது. 1972 ஜூன் 18ஆம் நாள், பல நாள் மழைக்குப்பின் அங்கே ஒரே நாளில் இரு சரிவுகள் இடிந்தன. சாவ் மாவ் பிங்கில் 71 பேரும், போ ஷான் சாலையில் 67 பேரும் மாண்டனர். 1977இல் அவ்வரசு சரிவுகளைக் கண்காணிக்கத் தனி அலுவலகம் நிறுவிற்று. பின்னர் மலைமண்ணில் இழுவிசைமானிகளை நாட்டி மழைதோறும் அளந்தனர். பாறை மக்கி உண்டான செங்குத்துச் சரிவுகள் கோடையில் ஏன் நிற்கின்றன, தொடர்மழையில் ஏன் விழுகின்றன என்பதற்கு அவ்வளவுகள் விளக்கம் தந்தன.

நம் மலைகளும் அத்தகையனவே. கடினப் பாறையின்மேல், அப்பாறையே மக்கி உண்டான மண் போர்த்தியிருக்கிறது. மூணாறு அந்தோணியார் காலனியில் 2005இல் நிலச்சரிவு ஏற்பட்டது. சில ஆண்டுகளுக்குப்பின் அச்சரிவில் அமிர்த விஸ்வ வித்யாபீடத்தார், கம்பியில்லா முறையில் செய்தி அனுப்பும் உணரிகளை ஆழ்துளைகளில் நாட்டினர். அவை மண்ணிடை நீரழுத்தம், ஈரம், சாய்வு, அதிர்வு ஆகியவற்றை இடைவிடாது அளந்தன. 2009 ஜூலை மழையில் அவ்வளவுகளைக் கொண்டு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. இந்தியாவில் இத்துறையில் வைக்கப்பட்ட முன்னோடி அடிகளில் இதுவும் ஒன்று.

எனினும் ஒரு சரிவில் நாட்டிய கருவி மற்றொரு சரிவுக்குச் சான்று கூறாது. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளரின் லயங்களை மூடிற்று. காணாமற்போனோரையும் சேர்த்து 70 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் குடும்பத்தினர். செய்தி வெளியுலகை எட்டியது மறுநாட் காலையில்தான். மூணாற்றிலிருந்து போடிமெட்டுக்கு வரும் நெடுஞ்சாலையிலும், கேப் ரோடு பகுதியில், சாலையை அகலப்படுத்திய 2019, 2020 ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் சரிவுகள் நேர்ந்தன. சரிவை வெட்டுதல், வடிகாலை அடைத்தல், மரத்தை அகற்றுதல் ஆகிய எல்லாம் இவற்றில் பங்கு கொள்ளும். உறிஞ்சுவிசை ஒன்றே காரணம் என்று எவரும் கூறார். ஆயினும், மழை பெய்யும் அவ்விரவில் மண்ணின் பிடி எந்த அளவிற்குத் தளர்ந்திருக்கிறது என்பதை மேலிருந்து கீழே பார்ப்பவர் கண் அறியாது. முள் 20இலிருந்து 10க்கும், 10இலிருந்து சுழிக்கும் இறங்குவதைக் கருவி மட்டுமே காணும். கருவி தன் வலிமையை இழப்பது வறண்ட மண்ணில். சரிவுக்கு ஆபத்து நேர்வது நனைந்த மண்ணில். எனவே, 1936ஆம் ஆண்டின் எளிய கருவியே இப்பணிக்குப் போதிய ஆற்றல் உடையது என்பது கருதத்தக்கது.

ஏலத்தோட்டத்திற்கும் அதுவே பொருந்தும். ஏலத்தின் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுகின்றன. ஆதலால் சில வாரம் மழை தவறினாலும் செடி வாடும். 2024ஆம் ஆண்டுக் கோடையில் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள் பெருமளவில் கருகியதை நாடறியும். ஓடைநீர் குறைந்த நாளில் எந்தப் பாத்திக்கு இன்று பாய்ச்சுவது, எதற்கு நாளை வரை பொறுப்பது என்பதே தோட்டக்காரரின் கேள்வி. இதற்கு ஒத்த கேள்விக்குப் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் விடை கண்டது. அங்கே நெல்வயலுக்கென உருவாக்கிய எளிய இழுவிசைமானியில் எண்களுக்குப் பதிலாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று பட்டைகள் உள்ளன. நீர்மட்டம் மஞ்சளுக்கு வந்தால் பாய்ச்சவேண்டும் என்பதே விதி. 16 கிலோபாஸ்கல் அளவில் பாய்ச்சினால் விளைச்சல் குன்றாமலே மூன்றில் ஒரு பங்கு அளவிற்கு நீர் மிச்சமாகும் என்று அப்பல்கலைக்கழகத்தார் 2005இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. எழுத்தறியாதவரும் வண்ணத்தை அறிவர்.

இக்கருவிக்குக் கவனிப்பு மிகவும் தேவை. காய்ச்சிக் காற்று நீக்கிய நீரை அவ்வப்போது நிரப்பவேண்டும். குமிழி சேர்ந்தால் வெளியேற்றவேண்டும். கிண்ணம் மண்ணோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நிரப்புவார் இல்லாத கிண்ணம் ஒரு மாதத்தில் வெறும் ஓடாகிவிடும். முள் காட்டுவதைக் கண்டு கீழேயுள்ள குடியிருப்பிற்குச் சொல்ல ஓர் ஆளும், சொன்னால் நகர்ந்து தங்குவதற்கு ஓர் இடமும் இல்லையெனில், எவ்வளவு நுட்பமான உணரியாலும் பயன் இல்லை. இவை அறிவியலார் தர இயலாதவை. ஊராட்சியும் தோட்ட நிருவாகமும் ஊர்மக்களும் சேர்ந்தே தரவேண்டியவை.

உழவரின் கை நெடுங்காலமாக அறிந்திருந்த பதத்தை ஒரு சுடுமண் கிண்ணம் எண்ணாக மாற்றிற்று. அக்கிண்ணத்தைச் செய்யும் மண்ணும், அதனைச் சுடும் சூளையும் நம் ஊர்களில் குறைவின்றி உள்ளன. போடிமெட்டின் இருபுறத்தும் வாழ்வோர் வேறு வேறு ஆட்சியின் கீழ் வாழினும், அவர்கள் காலடியில் உள்ளது ஒரே மலைமண். அதன் பிடியை இரு மாநிலத்தாரும் சேர்ந்து அளந்து, ஒருவருக்கொருவர் அறிவித்துக் கொள்வாராயின், கோடையில் ஏலமும் மழையில் உயிரும் காக்கப்படும்.